நாற்பத்தொரு கிராம்

ஊலு நகரத்தில் டிசம்பரில்
சூரியன் மூன்றரை மணி நேரம்
வேலைக்கு வந்துவிட்டுப் போகும்.
அதற்கு நான் பரவாயில்லை,
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.

வீடு திரும்பியதும்
பூட்ஸைக் கழற்றுமுன் தொட்டியருகே குனிவேன்.
நப்பி உறங்கும்,
முன்காலொன்றை முகத்தில் போட்டுக்கொண்டு.
நப்பி என்றால் எங்கள் பாஷையில் பொத்தான்.
யாருடைய கோட்டிலிருந்தோ உதிர்ந்து
தானாக நடக்கக் கற்றுக்கொண்ட பொத்தான்.
லிஸ்பனுக்குக் குடிபோன ஒரு மாணவன்
விளக்கோடும் தொட்டியோடும்
என்னிடம் விட்டுப்போனான்.

ஏழு மணிக்கு
சூப் தட்டில் வெதுவெதுப்பாய்த் தண்ணீர்,
தாடை நனையும் மட்டும்.
கால் மணி நேரம் நிற்கும். குடிக்கும்.
குடித்ததிலேயே கழிக்கும்.
அந்த வெள்ளைக் களிம்பை
விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பேன்:
பற்பசைபோல் இருந்தால் நலம்,
மணல்போல் நெருடினால்
தண்ணீர் போதவில்லை.
ஐம்பத்தெட்டு வயதில்
எனக்கு வாய்த்த ஜோசியம் இது.

தொட்டியின் ஒரு முனையில் முப்பத்தைந்து டிகிரி,
மறுமுனையில் இருபத்திரண்டு.
நடுவே நடந்து நடந்து
தனக்கு வேண்டிய சூட்டைத் தானே எடுத்துக்கொள்ளும்.
என் வண்டிக்குள் பதினெட்டு,
வெளியே மைனஸ் இருபத்தாறு,
நடுவே ஒரு கதவு.

கடைக் கீரை வெறும் தண்ணீர் என்றார்கள்.
செப்டம்பரில் குடியிருப்புப் புல்வெளியில்
மண்டியிட்டுக் களை பிடுங்கினேன்.
மூன்றாம் மாடி ஹில்க்கா நன்றி சொல்லி
காபி கொண்டுவந்து கொடுத்தாள்.
வெண்ணெய்ப்பூச் செடிகள் அவை.
வேரோடு பதினோரு தொட்டிகளில் நட்டு
ஜன்னலோரம் வைத்திருப்பதை
நவம்பரில்தான் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.

ஞாயிறுதோறும் சமையலறைத் தராசு.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
நாற்பத்தொன்று.
ஜனவரி இரண்டாம் ஞாயிறு, நாற்பது.
ஓட்டின் விளிம்பைத் தொட்டேன்,
வெந்நீரில் ஊறிய நகம்போல்
அமுங்கிக் கொடுத்தது.

டாக்டர் இர்யா விளக்கையும் கொண்டுவரச் சொன்னாள்.
நன்றாகத்தான் எரிகிறது என்றேன்.
சின்னதொரு கருவியை அதனடியில் பிடித்தாள்.
பூஜ்ஜியம்.
“வெளிச்சம் இருக்கிறது.
உள்ளே இருந்த வெயில்
போன வருடமே செத்துவிட்டது.”

நான்கு மாதமாக அதற்கு நான்
சூரியனின் புகைப்படத்தை
ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அங்கே ஒரு படிவம் தந்தார்கள்.
எழுபது வருடம்கூட இருக்குமாம்.
“உங்களுக்குப் பின் பார்த்துக்கொள்பவர்” என்று ஒரு கட்டம்.
ஹில்க்கா என்று எழுதினேன்.
அவளுக்கு எழுபத்தொன்பது வயது என்பது
பேனாவை மூடும்போதுதான் உறைத்தது.
அடித்துவிட்டு
கட்டத்தை அப்படியே விட்டேன்.

திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில்
சட்டைக்குள், வயிற்றின்மேல் வைத்திருந்தேன்.
நான்கு கால்களாலும் கீறியது.
கீறட்டும் என்றிருந்தது.

புதுக் குழல்விளக்கு அறுபது யூரோ.
மாற்ற வேண்டிய தேதியை
டேப்பில் எழுதி அதன் தலையிலேயே ஒட்டினேன்.
கணவாய் ஓட்டைக் கத்தியால் சுரண்டி
இலைமேல் தூவினால்
முதல் வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.
இரண்டாம் வாரம்
ஓட்டையே வந்து கடித்தது.
கரகரவென்ற அந்தச் சத்தம்,
டயருக்கடியில் உறைபனி நொறுங்குவதுபோல,
பகல் தூக்கத்திலும் கேட்கும்.

மார்ச். ஜன்னல் நிறைய வெயில்.
கண்ணாடி தாண்டி வருவதும்
வெறும் வெளிச்சம்தான் என்பது இப்போது தெரியும்.
பொறு, ஜூன் வரட்டும் என்றேன்,
எனக்கா அதற்கா தெரியவில்லை.
விளிம்பில் கட்டைவிரலை வைத்தேன்.
அமுங்கவில்லை.

ஒன்பதாவது தொட்டியில் ஒரு பூ விட்டிருந்தது.
ஹில்க்காவுக்குக் காட்டலாமென்று
தரையில் இறக்கி வைத்து, செருப்பைத் தேடினேன்.
வந்து பார்த்தால்
வாயெல்லாம் மஞ்சள்.
தராசில் வைத்தேன், நாற்பத்தைந்து.
அதில் ஒன்று பூவாக இருக்கலாம்.
நோட்டில் அப்படியே எழுதினேன்.